தையல் பிரிக்காத பைகள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கோட்டுப் பையிலிருந்து வந்தது.

இணையத்தில் துணி வாங்குகிறவர்கள் பிடிக்கவில்லை, பத்தவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள் அல்லவா? அவையெல்லாம் வந்து குவிகிற கிடங்கு ஒன்றில் ஒன்பது வாரம் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். பத்தாவது வாரம் போகவில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை, சலித்துவிட்டது. அந்த ஒன்பது வாரத்தில் உருப்படியாகத் தெரிந்துகொண்டது ஒன்றுதான். புதுக் கோட்டின் பைகள் வாய் தைத்தே வரும். லேசான ஓட்டுத் தையல். வாங்கியவர் பிரித்தால்தான் உள்ளே கை போகும். திரும்பி வரும் கோட்டில் பை பிரிந்திருந்தால் யாரோ அதைப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார் என்று அர்த்தம். அதை மறுபடி புதிது என்று விற்க முடியாது. அரைக்கப் போகிற சிவப்புத் தொட்டிக்குப் போய்விடும்.

ஒருநாள் என் மேசைக்கு ஒரு சாம்பல் கோட்டு வந்தது. பை மூடியிருந்தது, ஆனால் கையால். எட்டுத் தையல், கடைசியில் ஒரு குட்டி முடிச்சு. விதிப்படி சிவப்புத் தொட்டியில் போட்டேன். யார் தைத்திருப்பார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன், சம்பளம் இல்லாமல்.

2

ஆரம்பம் ஒன்று: “உலகம் முழுக்க ஒவ்வோர் ஆண்டும் எத்தனை கோடி உடைகள் குப்பைக்குப் போகின்றன என்று உங்களுக்கு—”

[விட்டுவிட்டேன். எனக்கே தெரியாது. தெரிந்தாலும், கோடிக்கணக்கைக் கேட்டுவிட்டு யாரும் போனைக் கீழே வைத்ததில்லை.]

ஆரம்பம் இரண்டு: “வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே அவள்—”

[கிடங்கில் ஜன்னல் கிடையாது.]

ஆரம்பம் மூன்று: “நாலாம் மேசைக்காரிக்குச் சோறு போட்டது அவள் மூக்கு.”

இது இருக்கட்டும்.

3

நாலாம் மேசைக்காரிக்குச் சோறு போட்டது அவள் மூக்கு. கிடங்கில் அவளுக்குப் பெயரே மூக்குதான். வீட்டில் பெரியவள். ஒரு தங்கையும் இரண்டு அறைகளும் ஒரே ஒரு துணி அலமாரியும் அவளுக்கு இருந்தன.

பொட்டலத்தைப் பிரிப்பாள். கழுத்துப்பட்டியில் முகப்பவுடர் இருக்கிறதா, ஓரத்தில் மண் இருக்கிறதா என்று பார்ப்பாள். விலைச்சீட்டைப் புரட்டுவாள், பையைத் தடவுவாள். கடைசியில் அக்குளை முகர்வாள். புதிது என்றால் பச்சைத் தொட்டி. போட்டது என்றால் சிவப்பு. காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை இதே வேலை. நாலு வருஷம்.

பக்கத்து மேசையில் இருந்தவரை அவள் ‘அஞ்சாம் மேசை அண்ணன்’ என்பாள். இரண்டு மேசைக்கும் ஒரே பச்சைத் தொட்டி. அண்ணனுக்கு ஒரு ஆண்பிள்ளைச் சட்டை வந்தால் அவள் பக்கம் நீட்டுவார்.

“மூக்கு, இது என்னன்னு சொல்லு.”

“விசேஷத்துக்குப் போயிட்டு வந்திருக்கான்ணே.”

“சாப்பாடு எப்படி?”

“எண்ணெய் ஜாஸ்தி. ரெண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டிருக்கான்.”

“அப்ப சிவப்புதான். வயித்துக்கும் சேர்த்து.”

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில்தான் சாம்பல் கோட்டு வந்தது. சீட்டில், ‘அளவு சரியில்லை’ என்று இருந்தது. பெரியவள் முகர்ந்தாள். முகவரியைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அவள் வீட்டுச் சோப்பு. அவள் வீட்டு மெத்தை. அவள் தங்கையின் தலை.

இடது பை பிரிந்திருந்தது.

மேசையில் தளர்ந்த பட்டனை இறுக்க ஊசியும் நூலும் வைத்திருப்பார்கள். அண்ணன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் எட்டுத் தையல் போட்டு, நாலு வருஷத்தில் முதல்முறையாக ஒரு பொய்யைப் பச்சைத் தொட்டியில் போட்டாள்.

[ஏன் செய்தாள்? முதல் வரைவில் ‘பாசம்’ என்று எழுதினேன். அடித்துவிட்டேன். ஊழியர் வீட்டு முகவரியிலிருந்து போட்ட துணி திரும்பி வந்தால் அந்த ஊழியர் வேலையை விட்டுப் போக வேண்டும் என்று விதி இருந்தது. பயம் என்று எழுதுகிறேன். பாசம் இருந்திருந்தால் அது பின்னாடி வந்து சேர்ந்துகொள்ளட்டும்.]*

* மேலே கேமரா இருக்குமே என்பீர்கள். இருக்கிறது. யாராவது துணியைத் திருடுகிறார்களா என்று பார்க்க வைத்தது. யாராவது தைக்கிறார்களா என்று பார்க்க எவனுக்கும் தோன்றவில்லை.

4

சின்னவளைப் பற்றி ஒரு சந்தேகம். அவளை நான் முதலில் எழுதியது இப்படி: “நாள் பூராவும் கண்ணாடி முன் நிற்கிற, உதட்டுச்சாயம் பூசிய, தளுக்கு—”

[பொய். அப்படி ஒரு பெண்ணை நான் நேரில் பார்த்ததே இல்லை. துணி வாங்குகிற பெண் என்றதும் கை தானாக அப்படி எழுதுகிறது. கையை நம்பக் கூடாது.]

சின்னவள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். நிர்வாகம் பார்க்கிற அம்மாள் காலையில் உள்ளே நுழைந்ததும் முதலில் பார்ப்பது அவள் சட்டையை. “திங்கக்கிழமையும் இதானே போட்டிருந்த?” என்று நோயாளிகள் முன்னால் கேட்பாள். ஒருமுறை கேட்டாள், இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்க விடக் கூடாது என்று சின்னவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். திருப்பி அனுப்பப் பதினைந்து நாள் கெடு. பன்னிரண்டு நாள் போடு, அனுப்பு.

கோட்டு மேசைக்கு வந்த அன்று சாயங்காலம் பெரியவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அந்தச் சாம்பல் கோட்டு எங்கடி?”

“அளவு சேரலைன்னு அனுப்பிட்டேன். ஏன்?”

“அளவு சேராத கோட்டுல கையை விட்டுக்கிட்டு ரெண்டு வாரமா ஊர் சுத்தியிருக்க.”

சின்னவள் ஒரு நொடி விழித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஐயோ அக்கா, உன் மேசைக்கேவா வந்துச்சு? முப்பது மேசை இருக்குன்னு தைரியமா இருந்தேனே!”

“சிரிக்காத. பையைத் தைச்சு உள்ள தள்ளியிருக்கேன். தெரிஞ்சா என் வேலை போச்சு.”

சிரிப்பு நின்றது.

“நான் என்னக்கா பண்றது? அந்தம்மா—”

“அந்தம்மா கிடக்குது. அலமாரியைத் திற. இன்னிக்கு உன் துணி பூராத்தையும் நான் பார்க்கிறேன்.”

கிடங்கில் செய்வதை வீட்டில் செய்தாள். கட்டில்தான் மேசை. கழுத்து, ஓரம், சீட்டு, பை, அக்குள். சின்னவளுடைய துணி சீக்கிரம் முடிந்துவிட்டது. பதினாலு உருப்படி. எல்லாம் துவைத்துத் துவைத்து வெளிறியவை. இரண்டில் கிழிசல் தைத்திருந்தது. எல்லாவற்றிலும் சின்னவள் இருந்தாள்.

“முடிஞ்சுதா? இப்ப கீழ்த்தட்டு,” என்றாள் சின்னவள்.

“அது என்னுது.”

“தெரியும். நகரு.”

கீழ்த்தட்டில் பெரியவளின் துணி. மாதக் கடைசியில் ஊழியர்களுக்குச் சலுகை விற்பனை நடக்கும். நாலு வருஷத்து மாதக் கடைசிகள் அங்கே மடித்து வைக்கப்பட்டிருந்தன. சின்னவள் ஒவ்வொன்றாக எடுத்து, அக்காவைப் போலவே கழுத்தைப் பார்த்தாள், ஓரத்தைப் பார்த்தாள், முகர்ந்தாள். அட்டை வாசனை. விலைச்சீட்டு தொங்கியது. ஏழு கோட்டு. ஏழிலும் பை பிரிக்கவில்லை.

“இது எதுக்கு வாங்குன?”

“சலுகையில வந்துச்சு.”

“இது?”

“அதுவும்தான்.”

“நாள் பூரா நீல மேலங்கி மாட்டிக்கிட்டு நிக்கிற. ஏழு கோட்டை எங்க போட்டுட்டுப் போறதா இருந்த?”

“எப்பவாவது போடலாம்னு...”

[இந்த வாக்கியத்தை முடித்துக் கொடுக்க மூன்று முறை முயன்றேன். ‘வேறு வேலை கிடைத்தால்’, ‘எங்காவது கூப்பிட்டால்’, ‘வேறு ஆளாக மாறினால்’. அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.]

“நானாவது போட்டுட்டுத் திருப்பிடறேன்,” என்றாள் சின்னவள். “நீ போடவும் இல்ல, திருப்பவும் இல்ல. ரெண்டு பேர்ல யாருக்கா மோசம்?”

தினமும் இருநூறு முன்பின் தெரியாதவர்களுக்குத் தீர்ப்புச் சொல்கிறவள், தன் சொந்தக் கட்டிலின் முன்னால் செருப்போடு நின்றாள். பிறகு பிளேடை எடுத்து வந்து தங்கையிடம் கொடுத்தாள்.

“பிரி.”

5

இந்த இடத்தில் கதை கொஞ்சம் கட்டுரையாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். நல்லது நடக்கிற நாட்களில் சம்பவம் குறைவு.

ஏழு கோட்டில் நாலு சின்னவளுக்குச் சேர்ந்தன. நிர்வாக அம்மாள் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் திறந்து, “இது போன வாரம் போட்டதுதானே?” என்றாள். “ஆமாம்மா, துவைச்சுட்டேன்,” என்றாள் சின்னவள். அதற்கு மேல் கேட்க அந்த அம்மாளிடம் ஒன்றும் இல்லை. இத்தனை நாள் பயந்தது இதற்குத்தானா என்று சின்னவளுக்கே எரிச்சல் வந்தது.

அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாளை ஒட்டினார்கள். வாங்கத் தோன்றியதை எழுதித் தேதி போட வேண்டும். இருபது நாள் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் பார்க்கலாம். ஐந்து வாரத்தில் பதினோரு பொருள் ஏறின. அவற்றில் ஒன்பதை, எழுதியவளே “இது எதுக்கு எழுதினேன்?” என்று கேட்டு அடித்தாள். மிச்சம் இரண்டில் ஒன்று செருப்பு. பழையதன் அடி தேய்ந்து சாலை தெரிந்தது. அதை வாங்கப் போனபோது பெரியவள் கடைக்காரர் முன்னால் செருப்பை இரண்டாக மடக்கிப் பார்த்து, தையலை நகத்தால் சுரண்டி, மூக்கருகே கொண்டுபோனாள்.

“அக்கா, வேணாம். ப்ளீஸ்.”

“பசை வாசனை. தையல் இல்ல, ஒட்டினது. மூணு மாசம் தாங்காது. அடுத்தது காட்டுங்க.”

கடைக்காரர் ஆறாவது ஜோடியைக் காட்டும்போது அவளை ‘அம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

6

நிஜத்தில் அந்தக் கோட்டு என் கைக்கு வந்தது, நான் அரைக்கப் போட்டேன். கதையில் அது மேற்பார்வையாளர் கைக்குப் போகிறது. ஏனென்றால் யார் தைத்தது என்று அவர் பார்ப்பார்.

கோட்டு வேறு யாருக்கோ விற்கப்பட்டுத் திரும்பி வந்திருந்தது. கூடவே ஒரு துண்டுச்சீட்டு: ‘இதற்கு முன் யாரோ போட்டிருக்கிறார்கள். பையைக் கையால் தைத்து ஏமாற்றியிருக்கிறீர்கள்.’ மேற்பார்வையாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. குரலை உயர்த்த மாட்டார், அதுதான் பயம். கோட்டை நாலாம் மேசைக்கும் அஞ்சாம் மேசைக்கும் நடுவே வைத்தார்.

“உங்க தொட்டியில இருந்துதான் போயிருக்கு. யாருன்னு நாளைக்குக் காலையில என் அறைக்கு வந்து சொல்லணும். இல்லன்னா ரெண்டு பேருமே கிளம்பலாம்.”

அவர் போனதும் அண்ணன் முடிச்சைத் தடவிப் பார்த்தார். பெரியவளைப் பார்த்தார். அவர் மூக்கும் சும்மா இல்லை.

“எனக்கு பட்டன் தைக்கவே வராது, மூக்கு,” என்றார். அவ்வளவுதான். அடுத்த பொட்டலத்தைப் பிரிக்கப் போய்விட்டார்.

7

முடிவு ஒன்று: ஒப்புக்கொள்கிறாள். மேற்பார்வையாளர் கண் கலங்கி மன்னித்து, பதவி உயர்வும்—

[அப்படி ஒரு மேற்பார்வையாளரை எனக்குத் தெரியாது.]

முடிவு இரண்டு: வாயே திறக்கவில்லை. இரண்டு பேருக்கும் வேலை போகிறது. அண்ணன் வீட்டில்—

[இதுதான் நடக்கக்கூடியது. பாதிப் பக்கம் எழுதினேன். ஆனால் ஐந்து வாரம் அவளோடு இருந்துவிட்டேன். அவள் பிளேடை நீட்டியதைப் பார்த்துவிட்டேன். இனி அவளைக் கொண்டு இதைச் செய்ய வைக்க என் கை போகவில்லை.]

முடிவு மூன்று, போகிற வரைக்கும்:

காலையில் சின்னவள் வழியை மறித்தாள். “நானும் வரேன். நான்தானே போட்டேன்.”

“தைச்சது நானு. நீ வேலைக்குப் போ.”

“வேலை போயிடுச்சுன்னா?”

“மூக்கு இருக்கு. எங்கயாவது மோந்து பிழைச்சுக்கலாம்.”

“சரி, அந்த மேலங்கியோட போகாத. கருப்புக் கோட்டைப் போட்டுக்கோ. திட்டு வாங்கப் போனாலும் நல்ல துணியில போ.”

போட்டுக்கொண்டு போனாள். தோள் கொஞ்சம் பிடித்தது. போட்டால்தானே தெரியும்.

“நான்தாம்மா,” என்றாள் அறைக்குள் நுழைந்ததும். “அண்ணனுக்குத் தெரியாது. அது என் தங்கச்சி போட்டது.” நிற்காமல், யாரும் கேட்காததையும் சொன்னாள்: “செஞ்சது தப்பு. ஆனா ஒண்ணும்மா, நான் தைச்சது இங்க யார் கண்ணுலயும் படாம ஒருத்தர் வீடு வரைக்கும் போயிருக்கு. சிவப்புத் தொட்டியில தினமும் நான் போடுறதுல பாதிக்கு ஒரு பட்டன், ஒரு தையல், ஒரு சலவை, அவ்வளவுதான் வேணும். ஏமாத்தாம, சரிபண்ணினதுன்னு சீட்டு ஒட்டியே விக்கலாம். நாலு வருஷமா அரைக்கப் போட்டுக்கிட்டிருக்கேன். இதையும் சொல்லிட்டுப் போயிடலாம்னுதான்.”

மேற்பார்வையாளர் எதிரே இருந்த நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

8

இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

துரத்தப் போகிறவளை யாரும் உட்காரச் சொல்வதில்லை என்று நீங்கள் நினைக்கலாம். உட்கார வைத்துத் துரத்தியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே நாற்காலியை வைத்து நான் ஒன்றும் சத்தியம் செய்யமாட்டேன். எனக்கு ஆசை எந்தப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆசையை முடிவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற தைரியம் எனக்கு இல்லை.

மீதியை நீங்கள் எழுதுங்கள். அவளுக்கு வேலை போகலாம், இருக்கலாம். கிடங்கில் ஊசி நூலோடு ஒரு புது மேசை போடலாம், போடாமலும் விடலாம். அந்த அறையில் ஒரு ஜன்னலோ மழையோ வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், கேட்கமாட்டேன்.

ஒன்றே ஒன்று. “நான்தாம்மா” என்று அவள் சொல்லியாகிவிட்டது. அதை மட்டும் அடித்துவிடாதீர்கள்.