எவலினுக்கு ஒரு வாய்

ரேமண்ட் துறைமுகக் கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். பண்டமாரான் வீட்டில் அவனும் ஆறு வயது பிரையனும் நான்கு வயது எவலினும்தான். மனைவி பெர்னிஸ் சிங்கப்பூரில் மருத்துவமனைத் தாதி. மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி எல்லை தாண்டி வருவாள். மற்ற நாட்களில் மாலை ஏழு மணிக்கு வீடியோ காலில் வந்துவிடுவாள். தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த கைப்பேசியிலிருந்து அவள் "ஆ காட்டு" என்றால் போதும், இரண்டு வாயும் திறக்கும். ரேமண்ட் நின்றபடியே ஊட்டிவிடுவான்.

பெர்னிஸுக்கு மூன்று வாரத்துக்கு மாலை ஷிஃப்ட் போட்டார்கள். ஏழு மணி கால் நின்றுபோனது.

முதல் நாளே பிரையன் சோற்றில் ஒரு கறிவேப்பிலையைக் கண்டுபிடித்துத் தட்டைத் தள்ளிவிட்டான். எவலின் வாங்கிய சோற்றை விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்படியே தூங்கியும் போனாள். ரேமண்ட் விரலை விட்டு அந்தச் சோற்றை வழித்தெடுத்தான்.

மறுநாள் மீன் பொரித்தான். "முள்ளு" என்றான் பிரையன். அதற்கடுத்த நாள் சோயா கிச்சாப் ஊற்றி முட்டைச் சோறு. கடையிலிருந்து ரொட்டி சானாய்கூட வாங்கி வந்தான். எதுவும் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் தாங்க முடியாமல் கத்திவிட்டான். எவலின் அழவில்லை. மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்து, "மம்மி எங்க?" என்றாள்.

அடுத்த நாள் மதிய ஓய்வில் பெர்னிஸை அழைத்தான்.

"நீ எப்படித்தான் சாப்பிட வெச்ச? கெஞ்சிப் பார்த்துட்டேன், கத்திப் பார்த்துட்டேன். எலும்பும் தோலுமா ஆயிடுவாங்க போல லா."

"நான் என்னங்க செஞ்சேன்? நானும் இங்க ஒரு தட்டு வெச்சு அவங்களோட சாப்பிட்டேன், அவ்வளவுதான். நீங்க எப்பச் சாப்பிடுறீங்க?"

ரேமண்ட் யோசித்தான். பிள்ளைகள் எழுந்து போன பிறகு, அடுப்படியில், பானையிலிருந்தே.

அன்று மாலை தரையில் பாய் விரித்து மூன்று தட்டுகளுடன் உட்கார்ந்தான். யாரையும் கூப்பிடவில்லை. ரசம் ஊற்றிப் பிசைந்து தானே சாப்பிட ஆரம்பித்தான். பசி அதிகம். அவன் சாப்பிடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த எவலின் பக்கத்தில் வந்து நின்று, அவன் தட்டில் கைவைத்தாள்.

"டேடி, எனக்கு?"

பிரையனும் நகர்ந்து வந்தான். மூன்றாம் வாரம் முடிவதற்குள் கறிவேப்பிலையை அவனே எடுத்துத் தட்டோரம் வைக்கப் பழகியிருந்தான். ரேமண்ட் வீடியோ எடுத்து அனுப்பினான். பெர்னிஸ் அதை எத்தனை முறை பார்த்தாளோ, வந்த குரல் பதிவில் ஒரே வரிதான் இருந்தது: "நல்லா சாப்பிடுறாங்க லா."

மாதக் கடைசி சனிக்கிழமை வந்தாள். பையைத் திறக்காமலே அடுப்படிக்குப் போனாள். கோழி சமைத்து, சோறு பிசைந்து, முதல் வாயை எவலினிடம் நீட்டினாள்.

"டேடி ஊட்டட்டும்" என்றாள் எவலின்.

 பெர்னிஸ் அந்தச் சோற்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மெல்லாமலே விழுங்கினாள். எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள்.

ரேமண்ட் பின்னாலேயே போனான்.

"சின்னப் பிள்ளம்மா. சும்மா சொல்றா."

"எனக்குத் தெரியாதா? அவங்க சாப்பிடணும்னுதானே தினமும் மாதாவ வேண்டினேன்." தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "ஆனா என் கையில ஒரு வாய்கூட வேணாம்னு சொல்லிட்டாளே."

 ரேமண்ட் குழாயை மூடினான். அவள் ஈரக் கையைப் பிடித்தபடி நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை நீண்டுவிட்டது. வீடு திரும்பியதும் எவலின் பசியில் சிணுங்கினாள். ரேமண்ட் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது அவள் பெர்னிஸின் மடியில் இருந்தாள். முந்தின நாள் சொன்னதெல்லாம் எவலினுக்கு நினைவே இல்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, "இன்னும், மம்மி" என்றாள்.

பெர்னிஸ் ஊட்டினாள். கண் தட்டிலேயே இருந்தது. தட்டு பாதி காலியானதும் உருண்டைகள் சிறிதாயின. பிறகு இன்னும் சிறிதாயின. கடைசியில் விரல் நுனியில் நாலைந்து பருக்கைகள் மட்டும். எவலின் பொறுமையிழந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

சிங்கப்பூர் பஸ் இரண்டு மணிக்கு. கடிகாரத்தில் ஒரு மணி தாண்டியிருந்தது. ரேமண்ட் பானையில் மிச்சமிருந்த சோற்றையும் கொண்டுவந்து அந்தத் தட்டில் வைத்தான்.