பாக்கி வைக்காதவர்கள்

கிடங்கில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. பட்டியலக்கா என்றால்தான் தெரியும். யார் யார் ஆட்கள் என்று ஓர் அட்டவணை. யாருக்கு என்ன வேலை, முடிந்ததா என்று இன்னோர் அட்டவணை. இரண்டையும் சேர்த்தும் கழித்தும், கேட்ட கேள்விக்குக் கணினியிலிருந்து பதில் எடுத்துக் கொடுப்பது அவள் உத்தியோகம். எண்களை அல்ல, ஆட்களைக் கழிக்கிற கணக்கு. ஒன்பது வருடமாக மேற்பார்வையாளர் நாற்காலிமேல் அவளுக்கு ஒரு கண். அதை மறைக்கவும் தெரியாது.

அன்று காலை மேலாளர் கூப்பிட்டார். "கொடுத்த வேலைல ஒண்ணுகூட பாக்கி வைக்காதவங்க யாருன்னு எடுத்துக் குடும்மா. அதுலேர்ந்துதான் மேற்பார்வையாளர்."

பட்டியலக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு வேலை, அத்தனையும் முடித்தவள். மொத்த ஆட்களிலிருந்து பாக்கி வைத்தவர்களைக் கழித்தாள். மிஞ்சியது ஒரே பெயர்: மேலாளரின் மச்சினன்.

வந்த நாளாக ஜன்னலோரம் உட்கார்ந்து நகம் வெட்டுகிறவன். அவனுக்கு யாரும் வேலையே கொடுத்ததில்லை. கொடுக்காத வேலையில் பாக்கி எங்கிருந்து வரும்? கணக்கு சுத்தம். வயிறுதான் எரிந்தது.

சரி, தன் பெயர் எங்கே? தேடினாள். அவள் பெயரில் நானூற்றுப் பதின்மூன்றாவதாக ஒரு வேலை, மேலாளரே காலையில் ஏற்றியது: 'பாக்கி வைக்காதவர்கள் பட்டியல் எடுத்துக் கொடுத்தல்.' பட்டியலைக் கொடுக்கும்வரை அது பாக்கி. பாக்கி இருக்கும்வரை பட்டியலில் அவள் இல்லை.

'முடிந்தது' என்று ஒரு தட்டு தட்டியிருக்கலாம். ஆனால், முடிக்காமலே அப்படிப் போடுகிறவர்களைக் கிடங்கு முழுக்க ஏசித் திரிந்தவள் அவள்தானே!

மேலாளர் அறைக்குப் போனாள். "சார், ஒரு வேலையாவது செஞ்சிருக்கணும்னு ஒரு நிபந்தனை சேர்த்துக்கலாமா?"

"கேட்டதை மட்டும் குடும்மா." பட்டியலை வாங்கினார், கையெழுத்துப் போட்டார்.

ஓடிவந்து, தன் வேலை முடிந்ததென்று குறித்து, மறுபடி எடுத்தாள். இப்போது இரண்டு பெயர். திரும்ப ஓடினாள்.

"கையெழுத்தாயிடுச்சே," என்றார் மேலாளர், உண்மையாகவே வருத்தப்பட்டு. "கொஞ்சம் முன்னாடியே முடிச்சிருக்கக் கூடாதா?"

மதியம் புது மேற்பார்வையாளர் அவள் மேசைக்கு வந்தான். "அக்கா, மேற்பார்வையாளருக்கு என்ன வேலைன்னு ஒரு லிஸ்ட் எடுத்துத் தர்றீங்களா?"

அவள் அட்டவணையைத் திறந்து, அவன் பெயரில் முதல் வேலையை ஏற்றினாள்: 'மேற்பார்வையாளரின் வேலை என்ன என்று கண்டுபிடித்தல்.' பிறகு காலையில் கேட்ட அதே கேள்வியைக் கணினியிடம் இன்னொரு தரம் கேட்டாள்.

ஒரே பெயர் வந்தது. அவளுடையது. அதில் கையெழுத்துப் போட யாருக்கும் அவசரமில்லை.