மணி தெரியாத மெஷின்

விடியற்காலை ஐந்தரைக்கே ஐந்து பிரஸ் மெஷின்கள் தகட்டை இடிக்கத் தொடங்கிவிட்டன. ஆறாவது மட்டும் நின்றிருந்தது. முந்தாநாள் அதுதான், அதை ஓட்டும் பிரஸ் அக்காவின் வலது கையில் இரண்டு விரல்களை நசுக்கியது. எண்ணெய் நெடி தொண்டையைக் கவ்வ, நான் அதன் பெட்டியைத் திறந்து உள்ளிருந்த பதிவை லேப்டாப்பில் இறக்கிக்கொண்டிருந்தேன்.

"யாரு சொல்லி நோண்டுறீங்க?"

மெஷின் ரிப்பேர் பார்க்கும் ஃபிட்டர். எல்லாருக்கும் ஸ்பேனர் அண்ணன்.

"யாரும் சொல்லலண்ணே."

"மாடி ஆளு சும்மா கீழ இறங்குமா?"

அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஆறு வருஷம் இதே தளத்தில் உட்கார்ந்துதான் இந்த மெஷின்களுக்குள் ஓடும் புரோகிராமை எழுதினேன். கை உள்ளே போனால் இடிக்கும் அச்சை நிறுத்தும் சென்சார் என் கைவேலை. 'அடிக்கடி நிக்குது, சென்சாரை மந்தமாக்கு' என்றார் முதலாளி. மாட்டேன் என்றேன். மறு வாரமே பதவி உயர்வு என்று சொல்லி மாடியில் சர்வர் வேலைக்கு மாற்றினார். நானும் வாயை மூடிக்கொண்டு ஏசியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் அரிக்கிறது.

நேற்று முதலாளி எனக்கு டீ வரவழைத்தார். மனிதர் பச்சைத் தண்ணீர்கூடச் சும்மா கொடுக்க மாட்டார்.

"அந்தப் பொம்பளையே சென்சாரை அணைச்சிருக்கா. சர்வர்ல பதிவு இருக்கு. சரிதான்னு ஒரு கையெழுத்து போடும்மா."

போட்டால் அக்காவுக்கு வேலையும் போகும், வைத்தியமும் அவள் தலையில் விழும். சர்வரில் இருந்த பதிவைப் பார்த்தேன். மெஷின் அனுப்பியதாகச் சொன்ன வரியில் 'சென்சார் அணைப்பு, 5.42' என்றிருந்தது. சட்டென்று பொறி தட்டியது. இந்த மெஷின்களுக்கு மணி தெரியாது. உள்ளே கடிகாரமே கிடையாது. ஆன் செய்ததிலிருந்து எத்தனை நொடி ஆயிற்று என்று மட்டும் எண்ணும். மணியைச் சேர்ப்பது சர்வர், அதுவும் வேறு கட்டத்தில். மெஷினின் கட்டத்தில் மணியை எழுதியவன் மெஷினைத் தொட்டே பார்க்காதவன்.

இப்போது மெஷினின் சொந்தப் பதிவு திரையில் ஓடியது. சென்சாரை அணைத்ததாக ஒரு வரிகூட இல்லை. என் புரோகிராமை எடுத்துவிட்டு, சென்சாரை மந்தமாக்கிய வேறொன்றை ஏற்றியிருந்தார்கள். ஸ்பேனர் அண்ணனிடம் காட்டினேன்.

"எங்கிட்ட சொல்றீங்க. அவர்கிட்ட சொல்வீங்களா?"

சொல்லி வைத்தாற்போல முதலாளியே உள்ளே வந்தார்.

"கையெழுத்து என்னாச்சு?"

"முடியாது சார். அது பொய்ப் பதிவு. மெஷினுக்கு மணி தெரியாதுங்கறது எழுதினவனுக்குத் தெரியல."

"இவங்களோட உனக்கென்ன பேச்சு? நாளையிலேர்ந்து வராதே."

ஸ்பேனர் அண்ணன் முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இந்த அஞ்சுலயும் அதே மந்தமான புரோகிராம்தானா?"

"இருக்கலாம்ணே. பார்க்காம சொல்ல முடியாது."

"பார்த்துச் சொல்லுங்க. அதுவரை யாரும் கையை உள்ள விடல."

அவர் போய் முதல் மெஷினை நிறுத்தினார். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மெஷினை நிறுத்தினார்கள். "அத்தனை பேரையும் வெளிய அனுப்பிடுவேன்" என்று முதலாளி கத்தியது இப்போது எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது.

மத்தியானம் தொழிலாளர் அதிகாரிக்கு மனு எழுதி, மெஷின் பதிவைச் சேர்த்து, எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மனு எடுபடுமா என்று யாருக்கும் தெரியாது. அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவை இடது கையில் பிடித்தாள். எழுத்து கோணலாக ஓடியது.

"படிக்க முடியுதா?" என்றாள்.

"நல்லா முடியுதுக்கா," என்றேன்.