மேல் பாதி, கீழ் பாதி

"இதோ வந்துட்டேன் அண்ணி, ஒரே ஒரு வரிதான் பாக்கி" என்று சொல்லி போனை வைத்தாள். அந்த ஒரு வரியைத்தான் கணினி ஏற்க மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

மேல் மாடியில் அவள் அண்ணன் படுத்திருந்தான். பக்கவாதம். காலையில்தான் ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, விழுங்கவும் வரவில்லை. அரைத்துக் கூழாக்கியதை மட்டும்தான் கொடுக்க வேண்டும், கெட்டியாக ஏதாவது தொண்டையில் அடைத்தால் அத்தோடு முடிந்தது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதே ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில்தான் அவளுக்கு வேலை. இரண்டு மாடி ஏறினால் அண்ணன் முகம். ஆனால் எழுந்து போக விட்டால்தானே! சாப்பாட்டுத் தட்டின் மேல் வைக்கும் சீட்டில், நோயாளியின் எடையைப் பார்த்து எவ்வளவு சாப்பாடு என்று கணக்குப் போட்டுக் காட்டும் வரி ஒன்றைச் சேர்க்க வேண்டுமாம். இன்று மதியத்துக்குள் வேண்டும் என்று சமையலறை மேடம் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

சீட்டு அச்சாகும் பக்கம் அரதப் பழைய ஸ்கிரிப்ட் மொழியில் எழுதியது. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். எதற்கும் அலட்டிக்கொள்ளாத அவருக்கு ஆபீசில் சாந்தசொரூபி என்று பட்டப்பெயர். அந்த மொழியில், சீட்டின் தோற்றத்தைச் சொல்லும் எச்டிஎம்எல்லை நிம்மதியாக நாலு வரி எழுத முடியாது. ஒவ்வொரு வரியையும் மேற்கோள் குறிக்குள் அடைத்து, கடைசியில் அடிக்கோடு போட்டு, அடுத்த வரியோடு முடிச்சுப் போட வேண்டும். சாந்தசொரூபி மொத்தச் சீட்டையும் இப்படி ஒரே சரமாகக் கட்டி வைத்திருந்தார். இவள் புது வரியைச் சேர்த்ததும், இதற்கு மேல் முடிச்சு தாங்காது என்று கணினி கையை விரித்தது. எரிச்சலில் சரத்தை இரண்டாக வெட்டினாள். பெயர், வார்டு, படுக்கை எண் எல்லாம் மேல் பாதி. என்ன உணவு, எவ்வளவு என்பது கீழ் பாதி. நேற்றைய நோயாளிகளில் நாலைந்து பேரை வைத்து ஓட்டிப் பார்த்தாள். கச்சிதமாக வந்தது.

கோப்பின் உச்சியில் சாந்தசொரூபி ஒரு கட்டளை எழுதியிருந்தார். பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று அதற்கு அர்த்தம். மனுஷன் தன் சுபாவத்தையே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று எத்தனையோ முறை சிரித்திருக்கிறாள். இன்று அதைப் பார்த்ததும் ஏதோ நெருடியது. என்னவென்று யோசிப்பதற்குள் அண்ணியின் போன் மறுபடி அடித்தது. புதிய கோப்பைக் கணினியில் ஏற்றிவிட்டு ஓடினாள்.

வார்டுக்குள் நுழைந்தபோது, அண்ணி ஒரு ரொட்டித் துண்டை அண்ணனின் வாயருகே கொண்டுபோயிருந்தாள்.

"அண்ணி!"

பாய்ந்து பிடுங்கியதில் தட்டு சரிந்தது. அண்ணி மிரண்டு போனாள்.

"டாக்டர் மாத்திட்டாருன்னு நெனச்சேன்மா. சீட்டுல அப்படித்தானே இருக்கு? உங்க ஆபீஸ் சீட்டுதானே?"

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. வாசலில் ட்ராலியோடு நின்றவரிடம் கத்தினாள். "கண்ண மூடிக்கிட்டா தட்டு வைக்கிறீங்க?"

"என்ன ஏன் மேடம் திட்றீங்க? சீட்டுல இருக்கறதத்தான் வைக்கிறோம். பேரு சரியா இருக்கா, பாருங்க."

பெயர் சரியாக இருந்தது. படுக்கை எண்ணும் சரி. கீழே, 'சாதாரண உணவு. உப்பு குறைவு. ஆப்பிள் தோல் சீவித் தரவும்.' பக்கத்துப் படுக்கையில் கால் கட்டோடு ஒருவர் தோல் சீவிய ஆப்பிளை ரசித்துத் தின்றுகொண்டிருந்தார். அவருடைய சீட்டைக் கேட்டு வாங்கினாள். அச்சு அசலாக அதே கீழ் பாதி.

அண்ணன் கட்டிலில் தொங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தாள். எடை பதியவே இல்லை என்று வாய்விட்டுச் சொன்னாள். எடை இல்லாததால் கணக்கு தடுக்கியிருக்கிறது; கீழ் பாதி உருவாகவே இல்லை. பிழை வந்தும் கணினி மூச்சு விடவில்லை. முந்தைய நோயாளியின் கீழ் பாதியை அப்படியே அண்ணன் பெயருக்குக் கீழே அச்சடித்துவிட்டது. ஒரே சரமாக இருந்திருந்தால் பெயரும் சேர்ந்து தப்பாக வந்திருக்கும், யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். இரண்டாக வெட்டியது அவள்தான்.

"ஏம்மா, இவருக்கு மட்டும் எடை பாக்கலியா?" என்றாள் அண்ணி.

"எழுந்து நிக்க முடிஞ்சாத்தானே அண்ணி எடை பாப்பாங்க..."

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. எழுந்து நிற்க முடியாதவர்கள். இந்தக் கட்டடத்தில் அப்படிக் கிடப்பவர்கள் ஒவ்வொருவரும்.

"அண்ணே, மத்த ட்ராலியெல்லாம் எங்க?"

"எல்லா வார்டுக்கும் குடுத்தாச்சே மேடம். இதுதான் கடைசி."

அவள் வராந்தாவுக்கு ஓடினாள். இரு பக்கமும் சாத்திய கதவுகள். உள்ளே தட்டு மூடிகளைத் திறக்கும் சத்தமும் கரண்டிச் சத்தமும் கேட்டன. எந்தக் கதவை முதலில் திறப்பதென்று தெரியாமல் நின்றாள். ஏதோ ஓர் அறையில் யாரோ இருமத் தொடங்கினார்கள்.