நடுவில் ஒரு மோட்டார்

என் மகள் ஜூலிக்கும் சாரத்தில் இருக்கிற ராஜ்கமலுக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. மதம் குறுக்கே நிற்கும் என்று பயந்தேன். நிற்கவில்லை. நின்றது வாசற்படி. மாப்பிள்ளை வீட்டார்தான் முதலில் பெண் கேட்டு வரவேண்டும், அதுதான் முறை என்றார் என் வீட்டுக்காரர் சவரிராயன். பையனின் அப்பா அம்மாவாசையோ, பெண்தான் தன் பையனை வளைத்தது, அதனால் பெண் வீட்டார்தான் வரவேண்டும் என்று சொல்லியனுப்பினார். ஜூலி ஒரே பேச்சில் நின்றாள். இரண்டு அப்பாவும் முழு மனதோடு வந்து நிற்கவேண்டும், இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாமாம். இப்படிச் சொல்லிவிட்டு அவள் ராத்திரியெல்லாம் தலையணையை நனைத்தது பெற்ற எனக்குத்தான் தெரியும்.

ராஜ்கமலின் அம்மா சின்னப்பாப்பாவும் நானும் போனில் பேசிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தோம். கடலில் போய்ப் பேசுவது. கடல் யார் வீடும் இல்லையே!

எங்களிடம் ஒரு படகு இருக்கிறது. ஒல்லியான இரண்டு ஓடங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, நடுவில் வலை கட்டி, பாய்மரம் ஏற்றியது. சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவோம். பின்பக்கம், இரண்டு ஓடங்களையும் சேர்க்கிற குறுக்குச்சட்டத்தில் மோட்டார் தொங்கும். பாய் விரித்துவிட்டால் மோட்டாரைத் தூக்கி, தண்ணீரில் படாமல் நிறுத்தி, ஓட்டையில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகவேண்டும். அதோடு விடலாம் அல்லவா? என் வீட்டுக்காரர் விடமாட்டார். துறைமுகத்தில் யாரோ ஒருவருடைய மோட்டார் திருடு போனதிலிருந்து அந்தக் கம்பியின் முனையில் ஒரு பூட்டும் போடுவார். நடுக்கடலிலும் போடுவார். அங்கே எவன் வந்து திருடப்போகிறான் என்று கேட்டால், திருடன் உன்னிடம் சொல்லிவிட்டா வருவான் என்பார். பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, சாவியை என்னிடம் தருவார். அவரிடம் எந்தச் சாவியும் ஒரு நாள் தங்காது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜூலியையும் கூட்டிக்கொண்டு தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போனோம். பையனை வீட்டில் விட்டுவிட்டு அவர்கள் இருவரும் வந்திருந்தார்கள். அம்மாவாசை படகைப் பார்த்துவிட்டு, இது சவரிராயன் படகுதானே, ஏறினால் அவர் வீட்டுக்குப் போன மாதிரிதானே என்று காலைப் பின்னால் வைத்துக்கொண்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சின்னப்பாப்பா கெட்டிக்காரி. "இதுல ரெண்டு ஓடம் இருக்குதுல்ல. இடது பக்கம் நம்முளுது. ஏறுங்க," என்றாள். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். இடுப்பில் கிள்ளினேன்.

ஆக, அவர்கள் இடது ஓடத்தில், நாங்கள் வலது ஓடத்தில். மோட்டாரைப் போட்டு முகத்துவாரம் தாண்டி, பாய் விரித்து, மோட்டாரைத் தூக்கிப் பூட்டியாயிற்று. சாவி என் மணிபர்ஸில். ஆண்கள் இருவரும் பேசுவார்கள் என்று பார்த்தால், இவர் கிழக்கே பார்த்தார், அவர் மேற்கே பார்த்தார். அவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேள் என்று இவர் என்னிடம் சொல்ல, நான் சின்னப்பாப்பாவிடம் சொல்ல, அவள் புருஷனிடம் சொல்ல, வேண்டாம் என்ற பதில் அதே வழியில் திரும்பி வந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரம்!

அப்போதுதான் காற்று நின்றது. பாய் துவைத்துப் போட்ட வேட்டி மாதிரி தொங்கியது. படகு நின்ற இடத்திலேயே ஆடியது. வெயில் ஏற ஏற அம்மாவாசைக்கு முகம் வெளுத்தது. கரைக்குத் திரும்பவேண்டும் என்று சுற்றுவழியில் சொல்லியனுப்பினார்.

"சாவியக் குடு மேரி," என்றார் என் வீட்டுக்காரர்.

"குடுக்க மாட்டேன். கல்யாணத் தேதிய சொல்லுங்க, குடுக்குறேன்."

அவர் முறைத்தார். நானும் முறைத்தேன். வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சின்னப்பாப்பா, "குடுக்காதீங்கக்கா," என்று சொல்லிவிட்டு முறுக்கு டப்பாவைத் திறந்து எனக்கும் ஜூலிக்கும் மட்டும் நீட்டினாள்.

முறுக்கு தீர்ந்தது. காற்று வரவில்லை. கடைசியில் மோட்டாரை இறக்க ஆண்கள் இருவரும் எழுந்தார்கள். மோட்டாரின் கனமெல்லாம் அந்தக் கம்பியின்மேல் உட்கார்ந்திருக்கும். ஒருவர் மோட்டாரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் இன்னொருவர் கம்பியை உருவ முடியும். தூக்கிப் பிடிக்க ஜூலி ஓடி வந்தாள். உட்காருடி என்றேன். எனவே அம்மாவாசை அந்தப் பக்கமிருந்து தூக்கிப் பிடிக்க, என் வீட்டுக்காரர் இந்தப் பக்கமிருந்து கம்பியைப் பிடித்தார். இரண்டு தலையும் முட்டிக்கொண்டன. நான் சாவியைப் பூட்டில் நுழைத்தேன். திருப்பவில்லை.

"தை மாசம்," என்றார் அம்மாவாசை, பல்லைக் கடித்துக்கொண்டு.

"தவக்காலத்துக்கு முன்னாடி இருக்கணும்," என்றார் இவர், என்னைப் பார்த்து.

"தை அதுக்கு முன்னாடிதான்யா வருது!" அம்மாவாசை இவர் முகத்தைப் பார்த்தே கத்திவிட்டார்.

யார் வீட்டுக்கு யார் முதலில் வருவது என்று கேட்டேன். தானே வருவதாகச் சொன்னார் அம்மாவாசை. கனம் தாங்காமல் தோளையும் முட்டுக்கொடுத்தார். அதைப் பார்த்த என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. வேண்டாம், நாங்களே வருகிறோம் என்றார். அதெப்படி, நான்தான் வருவேன் என்றார் அவர். மோட்டாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இதற்கும் ஒரு சண்டை. இரண்டு வருஷமாக வரமாட்டேன் என்று அடித்துக்கொண்டவர்கள்!

சின்னப்பாப்பா எழுந்து வந்தாள். "அதான் வந்துட்டீங்களே ரெண்டு பேரும். இதுக்கு மேல யாரு எங்க வரணும்?" என்றாள்.

இருவரும் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். நடு வலையில் நாலு காலும் சேர்ந்து நின்றன. நான் சாவியைத் திருப்பினேன்.

மோட்டார் இறங்கித் தண்ணீரைத் தொட்டது. அதைக் கிளப்புவது எப்போதும் ஜூலிதான். கயிற்றைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். அழுதுகொண்டே இழுத்தால் எப்படி வரும்? கண்ணைத் துடைக்கிறாள், சிரிக்கிறாள், கயிறு கையிலிருந்து நழுவுகிறது.

அம்மாவாசை அதுவரை அவளை ஒரு வார்த்தை கூப்பிட்டதில்லை. வலித்த தோளை நீவிவிட்டுக்கொண்டே கிட்டே வந்தார்.

"நவுரு மருமகளே," என்றார். "மாமா இழுக்குறேன்."

ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.