உருவினாலும் ஓடுகிற பெட்டி

"அவரு வந்தாத்தான் தொடணுமா? இது யாரு லேப்?"

"நம்ம லேப்தான். யாரு இல்லன்னாங்க? அண்ணா வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்னுதானே சொல்றேன்."

"என்ன சொல்லுவாரு? உக்காந்து ஒரு மணி நேரம் பாடம் எடுப்பாரு. எனக்குக் கொட்டாவி வரும், உனக்கு பக்தி வரும்."

"வாயை அலம்பிட்டுப் பேசுங்க."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என் காதில் இது விழுந்தது. உள்ளே சண்டை போட்டது என் மனைவியின் தம்பியும் அவன் மனைவியும். இருவரும் சேர்ந்து ரத்தப் பரிசோதனைக்கூடம் நடத்துகிறார்கள். ரத்தத்தைச் சோதித்து, எண்களைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள். கல்லாவையும் ஆட்களையும் பார்த்துக்கொள்வது அவன்.

நான் ஒரு கல்லூரியில் கணினிகளைப் பராமரிப்பவன். இங்கே சர்வர் வைத்துக் கொடுத்தது நான்தான். ஸ்பிரிட் பாட்டில்களும் துடைப்பமும் இருக்கிற சின்ன அறையில் ஒரே ஒரு பெட்டி. அதன் இயங்குதளம் ஒரு பென்டிரைவில் அடங்கிவிடும். பெட்டியை ஆன் செய்ததும் அது முழுசாக மெமரியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். உள்ளே இருக்கிற இரண்டு டிஸ்க்கையும் தனக்கென்று எடுத்துக்கொள்ளாது. அவை மொத்தமும் வர்ச்சுவல் மெஷின்களுக்குத்தான். அதாவது, ஒரே பெட்டிக்குள் மூன்று தனிக் கணினிகள் குடித்தனம் நடத்துகிற மாதிரி. ஒன்றில் நோயாளிகளின் ரிசல்ட், ஒன்றில் பில், ஒன்றில் கேமரா. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகல். ஒன்று செத்தால் மற்றது இருக்கும். வெளியே வைக்க இன்னொரு டிஸ்க் கேட்டேன். "பாப்போம் அத்தான்" என்றான். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கொஞ்ச நாள் முன்பு கூட்டு சேர வந்த ஒரு டாக்டர் அந்த அறையை எட்டிப் பார்த்து, "உங்க சர்வர் பென்டிரைவ்லயா ஓடுது?" என்று சிரித்துவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து என் பேரைக் கேட்டாலே இவனுக்கு எரிகிறது. சர்வரை மாற்றிக் கொடுக்கப் புதிதாக ஒருவரைக் கூட்டிவந்திருந்தான். வெயிலிலும் டை கட்டியிருந்தார்.

நான் நேராக அறைக்குள் போனேன். பென்டிரைவைக் காணவில்லை. ஒரு டிஸ்க் இருந்த இடம் ஓட்டையாக இருந்தது. பக்கத்தில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"மாப்ள, இதெல்லாம் எங்க?"

"வாங்க அத்தான். உங்களுக்காகத்தான் காத்திருந்தோம்" என்றான், காத்திருந்தவன் குரலே இல்லாமல். "பென்டிரைவ உருவிட்டோம். ஓடுதா இல்லையா?"

"ஓடும். மெமரியில இருக்கு, ஓடத்தான் செய்யும். ஒரு தடவை நின்னா திரும்ப எழுந்திரிக்காது."

"உருவினாலும் ஓடும்னு பெருமையடிச்சது நீங்கதான?"

டைக்காரர் குறுக்கே வந்தார். "சார், அந்த டிஸ்க்க என் லேப்டாப்ல போட்டுப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. ஃபார்மட் பண்ணவான்னு அதுவே கேட்டுச்சு."

"பண்ணிட்டீங்களா?"

"காலி டிஸ்க்தானே சார்."

"காலி இல்லய்யா! அது எழுதுற முறை வேற. உங்க லேப்டாப்புக்குப் படிக்கத் தெரியல. படிக்கத் தெரியாதவன்கிட்ட பத்திரத்தைக் குடுத்தா வெத்துப் பேப்பர்னுதான் சொல்லுவான்."

"இவர்தான் படிச்சவரு, நாங்கல்லாம் தற்குறி!" என்று மச்சினன் கையைத் தட்டினான். "பென்டிரைவ எடுத்தோம், ஓடுது. ஒரு டிஸ்க்க எடுத்தோம், ஓடுது. பாதி சாமான் தெண்டம்னு இப்பவாவது ஒத்துக்குங்க."

"ரெண்டு நகல்ல ஒண்ண அழிச்சிட்டு ஓடுதுன்னு கும்மாளம் போடுறியா? கிட்னி மாத்தின அந்த மனுஷன் மாசாமாசம் வர்றாரே, அவரோட பழைய நம்பரெல்லாம் இந்த ஒத்த டிஸ்க்லதான் இருக்கு இப்ப."

சோதனை மேஜைக்கு அந்தப்பக்கம் நின்ற அவள் முகம் மாறியது. அந்த ஆளுக்கு மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய இந்த மாத எண் மட்டும் போதாது. முன்பிலிருந்து ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும்.

"நாளைக்குக் காலைல நிறுத்திட்டு அந்த டிஸ்க்லயும் வேற சிஸ்டம் புதுசா ஏத்திடலாம் சார்" என்றார் டைக்காரர். "ரிசல்ட்ட எல்லாம் முன்னாடியே காப்பி எடுத்துடுவேன்."

"எதுல இருந்து எடுப்பீங்க? நிறுத்தினா அந்த டிஸ்க்கும் உங்களுக்குக் காலின்னுதான் காட்டும்."

"எடுப்பாரு. அது அவரு பொழப்பு" என்றான் மச்சினன்.

"மாப்ள, வேற ஒரு பென்டிரைவ் குடு. பழசு மாதிரியே இங்கயே உக்காந்து செஞ்சு தர்றேன். ஒரு டிஸ்க்கும் வாங்கு, நகல் எடுத்துடுவோம். அப்புறம் நீ யார வேணா வெச்சிக்கோ."

"கை வெக்காதீங்க." அவன் அறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றான். "அக்கா புருஷன்னு இவ்வளவு நேரம் மரியாதையா பேசுறேன். உங்க பென்டிரைவால அந்த டாக்டர் முன்னாடி என் மானம் போச்சு. இனிமே இந்தப் படி ஏறாதீங்க."

"உன் மானம் பென்டிரைவ்லயா இருந்துச்சு?"

இதை நான் சொல்லியிருக்க வேண்டாம். அவன் என் தோளைப் பிடித்துத் தள்ளினான். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார்.

செருப்பு மாட்டும்போது அவள் பின்னாலேயே வந்தாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணா, ஓடிட்டிருக்கும்போதே ரிசல்ட்ட வெளியில இருந்து எடுக்க முடியுமா?"

"முடியும்மா. வீட்டுல இருந்தே எடுக்கலாம். நெட் வழியா நான் உள்ள வர்ற வழிய இன்னும் யாரும் மூடல."

"யாருக்கும் தெரியாதா?"

"தெரியாது."

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். எடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "சாம்பிள் கெட்டுடும்" என்று போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் தம்பிக்கு ஃபோன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. "தள்ளிவிட்டவன் கடைக்கு இன்னும் எதுக்குக் காவல் காக்குறீங்க?" என்று என்னிடம்தான் கத்தினாள்.

இப்போது என் மேஜையில் கணினி திறந்திருக்கிறது. அந்தப் பெட்டி இன்னும் ஓடுகிறது. ரிசல்ட் இருக்கிற வர்ச்சுவல் மெஷினை அப்படியே அச்சு அசலாக என் வீட்டுக்கு அனுப்பச் சொல்ல ஒரே ஒரு வரி அடித்தால் போதும். ஆனால் அது எத்தனையோ பேருடைய ரத்த விவரம். எனக்குச் சொந்தமில்லை. கை வைக்காதே என்று கடைக்காரன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். பிறகு தெரிந்தால் திருடன் என்பான், சட்டமும் அவன் பக்கம்தான் நிற்கும். எடுக்காமல் விட்டாலோ, நாளை அந்தக் கடைசி டிஸ்க்கும் போய்விடும்.

சர்வர் பார்க்கிறவர்கள் மட்டும் இல்லை, மாதாமாதம் ஊசிக்குக் கை நீட்டுகிறவர்களும் சொல்லுங்கள். என் இடத்தில் நீங்கள் இருந்தால் அந்த வரியை அடிப்பீர்களா, மாட்டீர்களா? காலையில் அவர்கள் கடை திறப்பதற்குள் கீழே பதில் போடுங்கள்.