மூன்று முறை ஜாம் ஆன மிஷின் ரம்பம்

1

இந்தக் கதையை நான் முதலில் ஒரு புகார் மனுவாகத்தான் எழுதினேன். 1995 மார்ச் மாதம், முழு வெள்ளைத்தாளில் இரண்டு பக்கம். கீழே இருந்த கையெழுத்து வேறொருவருடையது. மனுவில் ஒரு வரி பொய். அந்த ஒரு வரியை மட்டும் நான் சொந்தமாகச் சேர்த்தேன். இப்போது அதே விஷயத்தைக் கதையாக எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், ஏதோ மனம் திருந்திவிட்டான் என்று நினைக்க வேண்டாம். எனக்கே என் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

என் பெயர் மணவாளன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் குமாஸ்தா. ஷிப்ட் முடிந்து வெளியே போகிறவர்களின் டிபன் கேரியரைத் திறந்து பார்ப்பதும் என் வேலையில் சேர்த்தி. பதினெட்டு வருடத்தில் திருட்டுச் சாமான் அகப்பட்டது இரண்டே முறை. மற்ற நாளெல்லாம் ரசம் வாசனைதான். ஆனாலும் ஒவ்வொரு கேரியரையும் சந்தேகத்தோடுதான் திறந்தேன். இந்தக் கதையையும் அப்படித்தான் திறப்பேன். நீங்களும் அப்படியே படியுங்கள்.

2

முதல் வரி அமையவில்லை.

‘புயல் அடித்த மறுநாள் ஆவடி முழுக்க மரங்கள் படுத்துக் கிடந்தன, கஜபதி தன் மிஷின் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான், ஒரு’

ஒரு என்ன? வீரனைப் போலவா? வேண்டாம். கஜபதி வீரன் என்று முதல் வரியிலேயே உங்களுக்குச் சொல்லிவிட்டால் பிறகு அவன் சொல்வதையெல்லாம் நம்புவீர்கள். நான் நம்பியது போல.

‘உத்தமனின் கடையில் எந்த மிஷினும் அழுக்கோடு திரும்பிப் போனதில்லை’

இதுவும் வேண்டாம். அந்தப் பெயரே ஏற்கெனவே அவருக்குச் சாதகமாக இருக்கிறது. (நான் வைத்த பெயர் இல்லை. பெற்றவர்கள் வைத்தது.)

நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

கஜபதி எங்கள் தெருக்காரன். திருமுல்லைவாயிலில் எனக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தான். எஸ்டேட்டில் வார்ப்படக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். கம்பெனியை மூடிவிட்டார்கள். பிறகு கோடாலியும் கயிறும் எடுத்துக்கொண்டு மரம் வெட்டப் போனான். 1993இல் பாடி பக்கம் சுலைமான் பாயின் பழைய மிஷின் கடையில் இரண்டு மிஷின் ரம்பங்கள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லி உத்தமனைக் கூட்டிக்கொண்டு போனான்.

உத்தமன் அம்பத்தூரில் சின்னக் கடை வைத்திருந்தார். புல் வெட்டும் மிஷின், மருந்தடிக்கும் மிஷின், மிஷின் ரம்பம் என்று பெட்ரோலில் ஓடி உறுமுகிற எதையும் பிரித்துச் சேர்ப்பார். அந்த வட்டாரத்தில் மிஷின் ரம்பத்தைத் தொடுகிற ஆள் அப்போது அவர் ஒருவர்தான்.

கடையில் இருந்தவற்றில் ஒன்றுக்குச் சங்கிலி ஓடும் இரும்புப் பட்டை ஒன்றேகால் அடி. இன்னொன்றுக்கு இரண்டடி. சின்னதை எடுக்கச் சொன்னார் உத்தமன். இங்கே வெட்டப்போவது வேப்பமரமும் தூங்குமூஞ்சியும்தான், அதற்கு இது போதும், பட்டை நீள நீள நுனி எங்கே படுகிறது என்று தெரியாது, நுனி மரத்தில் இடித்தால் மிஷின் ஆள் மேல் எகிறும் என்று விளக்கினாராம். கஜபதி பெரியதை எடுத்தான். பெரிய மிஷின் வைத்திருப்பவனுக்குத்தான் பெரிய மரம் கிடைக்கும் என்பது அவன் கணக்கு.

அந்த மிஷினில் கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருந்தது. மிஷின் எகிறினால் தடுப்பு கையில் பட்டு, சங்கிலி அப்படியே நின்றுவிடும். சும்மா சும்மா நிற்கிறது, வேலை ஓடவில்லை என்று கஜபதி ஒரே மாதத்தில் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டான்.

3

தொண்ணூற்று நாலு ஐப்பசியில் புயல். ஆவடியில் குவார்ட்டர்ஸ் முழுக்க மரம் சாய்ந்து வழி அடைத்துக் கிடந்தது. கஜபதிக்கு ஓய்வே இல்லை. ஐந்தாம் நாள், சுவரில் சாய்ந்து நின்ற தூங்குமூஞ்சியை அறுக்கும்போது பட்டையின் நுனி உள்ளே மறைந்திருந்த கிளையில் இடித்தது. மிஷின் எகிறி அவன் இடது தோளில் விழுந்தது. பதினாறு தையல்.

இரண்டு மாதம் வீட்டில் இருந்தான். தை பிறந்ததும் மறுபடி மிஷினை எடுத்தான். இடது தோளில் மிச்சமிருந்த தெம்பு மிஷினைத் தூக்கவே சரியாகப் போனதால், காலையில் கேனில் பெட்ரோல் கலந்து வைப்பது அவன் மனைவி கண்ணம்மாவின் வேலையானது.

(இந்த வாக்கியத்தை இரண்டு முறை அடித்து இரண்டு முறை திரும்ப எழுதினேன். இதை மறைத்து வைத்து, கடைசியில் எடுத்துக் காட்டலாம் என்று ஆசை வந்தது. உங்களைச் சோதனை போடுவது போல இருக்கும் என்று விட்டுவிட்டேன்.)

இந்த மாதிரி மிஷினுக்கு வெறும் பெட்ரோல் ஊற்றக் கூடாது. ஒரு லிட்டருக்கு இவ்வளவு என்று ஆயில் கலக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே பிஸ்டன் காய்ந்து, சூடேறி, சிலிண்டர் சுவரோடு பிடித்துக்கொள்ளும். ‘ஜாம் ஆயிடுச்சு’ என்பார்கள்.

கஜபதியின் மிஷின் தை மாதத்தில் ஜாம் ஆனது. உத்தமன் பிரித்துப் புது பிஸ்டன் போட்டுக் கொடுத்தார். பதினைந்து நாளில் மறுபடி ஜாம். மறுபடி பிஸ்டன். மாசியில் மூன்றாம் முறை. ஆயில் சரியாகக் கலக்கிறாயா என்று உத்தமன் ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறார். வீட்டில் அளந்து ஊற்றுகிறார்கள் என்று கஜபதி பதில் சொல்லியிருக்கிறான்.

மூன்றாம் முறைக்குப் பிறகுதான் என்னிடம் வந்தான். நல்ல பிஸ்டனைக் கழற்றி வைத்துக்கொண்டு டூப்ளிகேட் போடுகிறான் அந்த ஆள், இவன் திரும்பத் திரும்ப வரட்டும் என்று வேண்டுமென்றே செய்கிறான் என்றான். ஒரு மனு எழுதித் தரச் சொன்னான்.

எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது. சந்தேகம் என்பது என்னைப் போன்றவனுக்கு அவ்வளவு சுலபமான நம்பிக்கை.

4

மனுவை ரசித்து எழுதினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘நம்பிக்கைத் துரோகம்’ என்று எழுதினேன். ‘தொழில் தர்மத்தைக் காற்றில் பறக்கவிட்டு’ என்று எழுதினேன். ஆனாலும் முடிவு சப்பென்று இருந்தது. ஒரு ஆள், ஒரு மிஷின், யார் கவனிப்பார்கள்? அதனால் ஒரு வரி சேர்த்தேன்: ‘இவரால் இதே போல் பலர் பாதிக்கப்பட்டுள்ளனர்.’

எழுத்தாளனாக அது சரியான இடத்தில் விழுந்த வரி. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

கஜபதி மனுவைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தான். உத்தமனைக் கூப்பிட்டு ஒரு பகல் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வழக்கு எதுவும் இல்லை, சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவர் அங்கே உட்கார்ந்திருந்ததை எஸ்டேட் ஆட்கள் பார்த்திருந்தார்கள். புல் வெட்டும் மிஷின்களை அவரிடம் கொடுத்துவந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாக வேறு ஆள் தேடின.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உத்தமன் என் வீட்டுக்கு வந்தார். மெலிந்த ஆள், வெள்ளைச் சட்டை, நகக்கண்ணில் கரி. நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

“மனுவ அங்க எனக்குப் படிச்சிக் காட்னாங்க சார். ‘நம்பிக்கைத் துரோகம்’னு கஜபதி பேசமாட்டாரு. தெருவுல கேட்டேன். எழுதறவரு நீங்கதான்னாங்க.”

அவர் நின்றபடியே கேட்டார்.

“அந்தப் பல பேரு யாரு சார்? பேரு சொல்லுங்க. நான் போய் இன்னா தப்பு பண்ணேன்னு கேட்டுக்கினு வர்றேன்.”

*இந்த இடத்தில் என் பதிலாக மூன்று வெவ்வேறு வரிகளை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் கொஞ்சம் கௌரவமாகத் தெரிந்தேன். உண்மையில் நான் உள்ளே போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், அவ்வளவுதான்.*

அவர் தண்ணீரைக் குடித்தார். பிறகு, கஜபதி வீட்டில் பெட்ரோல் கேனைப் பார்க்க வேண்டும், தான் தனியாகப் போனால் கலாட்டா ஆகிவிடும், கூட வர முடியுமா என்று கேட்டார். போனேன். குற்ற உணர்வா என்றால், இல்லை. அவர் பொய் சொல்கிறார் என்று நிரூபணமானால் எனக்கு நிம்மதி.

6

கஜபதி வீட்டில் இல்லை. ஏதோ மரம் பார்க்க ஆவடிக்குப் போயிருந்தான். கண்ணம்மா மட்டும் இருந்தாள். கேனைக் கேட்டதும் கொண்டுவந்து வைத்தாள். (தயங்கினாளா? தயங்கியதாக முதல் வரைவில் எழுதியிருந்தேன். ஞாபகத்தில் அப்படி இல்லை.)

உத்தமன் தினசரித் தாள் ஒன்றைத் தரையில் விரித்து, கேனிலிருந்து ஒரு சொட்டு விட்டார். தன் கடையில் கலந்து பையில் கொண்டுவந்திருந்த சின்னப் புட்டியிலிருந்து பக்கத்தில் இன்னொரு சொட்டு விட்டார். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கேனின் சொட்டு சட்டென்று காய்ந்து, விழுந்த இடமே தெரியாமல் போனது. புட்டியின் சொட்டு எண்ணெய் வட்டமாக அப்படியே நின்றது.

நாங்கள் கேட்பதற்கு முன்பே கண்ணம்மா சொன்னாள்.

“நான்தான் ஆயில் ஊத்தல. பாட்டிலு எல்லாம் பரண் மேல கீது.”

உத்தமன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அவளே தொடர்ந்தாள். குரலில் அழுகை இல்லை.

“கழுத்துக்கு ரெண்டு விரக்கட தள்ளிப் பூட்ச்சுன்னு தையல் போட்ட நர்சம்மா சொல்லிச்சி. எங்கூட்டு ஆளு மறுநாளே மிஷினு எங்கன்னு கேக்குது. நானு கெடுக்குறேன், நீங்க சரி பண்ணிப் பண்ணிக் குடுக்குறீங்க. நான் இன்னாண்ணே பண்றது?”

“என்னாண்ட வந்து சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொன்னா செஞ்சி தராம உட்ருப்பீங்களா?”

உத்தமன் கேனை மூடினார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும் வழியில் ஒன்றே ஒன்று சொன்னார்: இதை யாரிடமும் சொல்ல வேண்டாம், எழுதவும் வேண்டாம். சரி என்றேன்.

(பெயர்களை மாற்றிவிட்டேன் என்று இப்போது சொன்னால் நம்புவீர்களா?)

7

முடிவு அ: மறுநாள் நான் ஸ்டேஷனுக்குப் போய், அந்த வரி பொய் என்று எழுதிக் கொடுத்தேன்.

அழகான முடிவு. நடக்கவில்லை. நான் ஷிப்டுக்குப் போனேன், கேரியர் திறந்தேன்.

முடிவு ஆ: கஜபதிக்கு விஷயம் தெரிந்து, அவன் கண்ணம்மாவை

இதை முடிக்கவே கூடாது.

நடந்தது இது. உத்தமன் கஜபதியைக் கடைக்கு வரச் சொல்லி, தப்பு தன் மேல்தான் என்று ஒப்புக்கொண்டார். பெரிய பட்டையை அந்த மிஷின் தாங்கவில்லை, அதை அப்போதே பார்க்காமல் விட்டேன் என்றாராம். கடைசியாக ஒரு முறை சரி செய்து தருகிறேன், ஆனால் சின்னப் பட்டைதான் போடுவேன், முன் தடுப்பைக் கொண்டுவந்து மாட்ட வேண்டும், கலந்த பெட்ரோலைக் கடையிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். கஜபதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அன்று மாலையே தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டான்: ஆள் வாயாலேயே ஒத்துக்கினான்.

மிஷின் ஓடியது. கஜபதிக்கு அதன்பிறகு ஒரு கீறல் விழவில்லை. உத்தமன் ஆடிக்குள் அம்பத்தூர் கடையைக் காலி செய்துவிட்டார்.

8

இங்கேதான் நான் மாட்டிக்கொள்கிறேன். இவ்வளவு நல்லவர் ஒருவரைக் கதையில் வைத்தால் யாரும் நம்பமாட்டார்கள். நானே நம்பவில்லை. தன் பிழைப்பு போகிறது, நிரூபணம் பைக்குள் இருக்கிறது, ஏன் வாயை மூடிக்கொண்டார்?

அவருக்கும் கண்ணம்மாவுக்கும் நடுவில் ஏதோ இருந்ததாக இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. கிழித்துப் போட்டேன். அவள் அண்ணே என்று கூப்பிட்டது என் காதில் இருந்தது.

பிறகு வேறு வழியில் போனேன். சுலைமான் பாயைப் பார்த்து, உத்தமன் அந்த மூன்று பிஸ்டன்களை உங்களிடம்தானே வாங்கினார், எல்லாம் ஒரிஜினலா என்று கேட்டேன். முதலாவது ஒரிஜினல், இரண்டாவது கிடைக்காமல் லோக்கல், சொல்லித்தான் கொடுத்தேன், மூன்றாவது ஞாபகமில்லை என்றார் பாய். அதை உத்தமன் கஜபதியிடம் சொன்னாரா என்று கேட்டேன்.

“அத அவராண்ட கேளுங்க மணவாளன். எல்லாரையும் தோண்டுறீங்களே, உங்களுக்கு இன்னா வேணும்?” என்றார் பாய்.

கேட்க நான் போகவில்லை. அந்த லோக்கல் பிஸ்டன்தான் அவர் வாயைக் கட்டியதா, கண்ணம்மா கேட்ட கேள்வியா? சில நாள் இது, சில நாள் அது. அவர் வெறுமனே நல்லவராகவும் இருக்கலாம். அந்த வாய்ப்பு எனக்குத்தான் சௌகரியமாக இல்லை.

9

1998, பங்குனி மாதம். ஆவடி பேருந்து நிலையத்தில் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தேன். கண்ணம்மாவின் கையில் சாக்கில் சுற்றிய மிஷின் இருந்தது. கஜபதி என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தான். மிஷின் மறுபடி ஜாம் ஆகிவிட்டதாம், இரண்டு மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்களாம். கொஞ்சம் சங்கடத்தோடு கேட்டான்.

“அந்த உத்தமன் இப்ப எங்க கட வச்சிகினு கீறாரு சார்? உங்களுக்குத் தெரியுமா? இன்னா இருந்தாலும் அவரு கை வேற.”

எனக்குத் தெரியும். பூந்தமல்லியில், டிரங்க் ரோட்டுக்கு உள்ளே. ஒரு முறை எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் கண்ணம்மா குறுக்கிட்டாள்.

“சார எதுக்குக் கேக்குற? எனக்குத் தெரியும், பூந்தமல்லி. நான் கூட்டிக்கினு போறேன், வா.”

கஜபதி அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். உனக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டது என் மனசுதான்.

வண்டி வந்தது. இடம் பிடிக்க அவன் முன் வாசலில் ஏறினான். அவள் ஏறுவதற்கு முன் நின்று, என் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

“இந்தத் தபா நான் இன்னாவும் பண்ல சார்.”

ஏறிப் போய் ஜன்னலோரமாக, அவன் பிடித்து வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். மிஷினை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். அவன் ஏதோ கேட்டான். அவள் வெளியே பார்த்தபடி பதில் சொல்ல ஆரம்பித்தாள். என்ஜின் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு பெண் தன் புருஷனிடம் எதைச் சொல்லவும் அது போதுமான நேரம். சொல்லாமல் இருக்கவும் போதும். அவளுக்குப் பின் சீட் காலியாகத்தான் இருந்தது. நான் ஏறவில்லை. நீங்கள் வேண்டுமானால் ஏறிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் சொல்வதை அவள் சொன்னபடியே கேளுங்கள். ஒரு வரிகூடச் சேர்க்க வேண்டாம்.